வண்டியைச் சோதித்துப் பார்! வயசுக்குத் தண்டம் போடாதே!

சேலம், நாமக்கல் மாவட்ட விவசாயப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்



நாம் மாட்டுச் சந்தைக்குப் போனால் என்ன செய்வோம்? மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்போம். அதோடு விட்டுவிட மாட்டோம். நடக்க விட்டுப் பார்ப்போம். ஏரில் கட்டிப் பார்ப்போம். பல்லு விழுந்த மாடாக இருந்தாலும் நல்லா உழுதால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. இரண்டு பல்லு மாடாக இருந்தாலும் படுத்துக்கொண்டால் யாரும் வாங்க மாட்டார்கள். இது படிக்காத நம்ம பாட்டனுக்குத் தெரிந்த நியாயம். டெல்லியில் உட்கார்ந்து விதி எழுதுகிற பெரிய படிப்பாளிகளுக்குத் தெரியவில்லை!

நம்முடைய பழைய டிராக்டர், பழைய குட்டி யானை, பால் கேன் கட்டிப் போகும் பழைய மொபெட் எல்லாவற்றையும் அவர்கள் பல்லைப் பார்த்து மட்டுமே விலை போடுகிறார்கள். வண்டி எப்படி ஓடுகிறது என்பது இரண்டாம் பட்சம். எத்தனை வருசம் ஆச்சு என்பதுதான் முதல் கேள்வி. வருசம் ஏற ஏறக் கட்டணமும் ஏறுகிறது. இதை எதிர்த்துத்தான் இந்தத் துண்டறிக்கை.

நடந்தது என்ன?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். இதில் இரண்டு விசயம் இருக்கிறது. ஒன்று ஆர்.சி. புதுப்பித்தல். இன்னொன்று எப்.சி. எடுத்தல். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள்.

மொபெட், பைக், சொந்தக் கார், ஜீப், உழவு டிராக்டர் ஆகியவை வாடகை வண்டிகள் அல்ல. இவற்றுக்கு வாங்கும்போது கொடுக்கிற ஆர்.சி. 15 வருசத்துக்குச் செல்லும். அதற்குப் பிறகு 5 வருசத்துக்கு ஒரு தடவை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 1-க்கு முன்னால் பைக்குக்கு 300 ரூபாய், காருக்கு 600 ரூபாய் என்று இருந்த இந்தக் கட்டணம், அன்று முதல் 1,000 ரூபாய், 5,000 ரூபாய் ஆனது. அதோடு நிற்கவில்லை. 2025 ஆகஸ்டில் இன்னொரு அறிவிப்பு வந்தது. 20 வருசம் தாண்டிய பைக், மொபெட்டுக்கு 2,000 ரூபாய், இலகு ரக வாகனத்துக்கு 10,000 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி!

“அது காருக்குத்தானே?” என்று கேட்பீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(21) பிரிவை எடுத்துப் பாருங்கள். வெறும் வண்டியாக 7,500 கிலோவுக்கு மேல் போகாத டிராக்டரும் ‘இலகு ரக மோட்டார் வாகனம்’ என்றுதான் எழுதியிருக்கிறது. சொகுசுக் காரும் ஒரே தட்டில், சேற்றில் இறங்குகிற டிராக்டரும் அதே தட்டில்! உழவு டிராக்டருக்கு என்று ஒரு தனி வரி எழுத அவர்களுக்கு மை கிடைக்கவில்லையா?

அடுத்தது எப்.சி. மஞ்சள் போர்டு வண்டிகளுக்கு உரியது. நம்ம குட்டி யானை, மினி லாரி, சரக்கு ஆட்டோ எல்லாம் இதில் வரும். 8 வருசம் தாண்டிவிட்டால் வருசா வருசம் எப்.சி. எடுக்க வேண்டும். 2025 நவம்பரில் வந்த அறிவிப்பில், 15 வருசத்துக்குப் பிறகு ஏறிக்கொண்டிருந்த கட்டணத்தை 10 வருசத்திலேயே ஏற ஆரம்பிக்கும்படி மாற்றினார்கள். 20 வருசம் தாண்டிய மூன்று சக்கர வண்டிக்கு 7,000, இலகு ரகத்துக்கு 15,000, நடுத்தர வண்டிக்கு 20,000, கனரக லாரிக்கு 25,000 ரூபாய் என்று அந்த அறிவிப்பு சொன்னது.

எப்.சி. முடிந்து ஒரு நாள் தாமதமானால் 50 ரூபாய் கூடுதல். ஆர்.சி. புதுப்பிக்க மறந்துவிட்டால் மொபெட்டுக்கு மாதம் 300, மற்ற சொந்த வண்டிகளுக்கு மாதம் 500. 2016 டிசம்பரில் அந்த 50 ரூபாய் தண்டத்தை முதலில் கொண்டுவந்தபோது, ஆட்டோத் தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2017-ல் நீதிமன்றம் அது செல்லாது என்றது. சேவைக்குக் கட்டணம் வாங்கலாம், கட்டணம் என்ற பேரில் தண்டம் வாங்கக் கூடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். ஆனால் 2021-ல் எழுதிய விதியில் அதே 50 ரூபாய் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

குட்டி யானை நம்ம ஊர்களுக்கு வந்தது 2005-க்குப் பிறகு. அந்த முதல் வண்டிகள் எல்லாம் இப்போது 20 வருசத்தைத் தாண்டுகின்றன. புது வண்டியாக அதை ஓட்டியவர் யாரோ. நாலு கை மாறி, ஒன்றரை லட்சத்துக்கும் இரண்டு லட்சத்துக்கும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. தலைவாசல் மார்க்கெட்டுக்குத் தக்காளி, கத்தரி ஏற்ற, ராசிபுரம் பக்கம் சேகோ ஆலைக்குக் குச்சிக்கிழங்கு ஏற்ற, வேலூர் பக்கம் வாழைத்தார் ஏற்ற நாம் வைத்திருக்கும் வண்டி இதுதான்.

அந்த வண்டி வருசத்தில் எத்தனை நாள் ஓடுகிறது? வெள்ளாமை வந்தால் ஓடும். இல்லாவிட்டால் வேப்ப மரத்தடியில் நிற்கும். 100 நாள் ஓடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். 15,000 ரூபாயை 100-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 150 ரூபாய். டீசல் போடுவதற்கு முன்னால், டயர் தேய்வதற்கு முன்னால், இன்சூரன்ஸ் கட்டுவதற்கு முன்னால், வண்டி நகர்ந்தாலே 150 ரூபாய்! டன் கிழங்கு 6,000 ரூபாய்க்குப் போனால் இரண்டரை டன் கிழங்கு இந்த ஒரு சீட்டுக்கே போய்விடும். தேமல் நோயும் மாவுப்பூச்சியும் தின்றது போக, ஆலையில் பாயிண்ட் குறைத்தது போக, மிச்சத்தில் இரண்டரை டன்!

மொபெட் கணக்கு என்ன? சொசைட்டிக்குப் பால் ஊற்றி லிட்டருக்கு 38 ரூபாய் வாங்குகிற ஒரு தாய், 2,000 ரூபாய் கட்ட 52 லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டும். அந்த மொபெட்டைக் காயலாங்கடையில் போட்டால் அந்த 2,000 ரூபாய் கிடைக்குமா என்பதே சந்தேகம்.

டிராக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏர் ஓட்ட, எரு அடிக்க, மோகனூர் ஆலைக்குக் கரும்பு ஏற்ற. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓடியே அதன் காலம் போகிறது. நெடுஞ்சாலையில் நாளுக்கு 500 கிலோமீட்டர் ஓடும் வண்டியும் 20 வருசம், சேந்தமங்கலத்துத் தோட்டத்தில் வருசத்துக்கு 60 நாள் ஓடும் டிராக்டரும் 20 வருசம். இரண்டும் ஒன்றா? டிராக்டரில் ஓடிய மணிநேரத்தைக் காட்ட மீட்டரே வைத்திருக்கிறார்கள். டிராக்டர் வாங்குகிற விவசாயி அந்த மீட்டரைப் பார்க்கிறான். விதி எழுதியவர் மட்டும் காலண்டரைப் பார்க்கிறார்!

“லாரிக்காரர் பாடு லாரிக்காரரோடு” என்றும் யாரும் நினைக்க வேண்டாம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டில் லாரி வைத்திருப்பவர்களும் வானம் பார்த்த பூமியில் மழை இல்லாமல் ஸ்டீயரிங் பிடிக்கப் போன நம்ம சனங்கள்தான். அவர்கள் கட்டுகிற 25,000 ரூபாய் உர மூட்டை வாடகையிலும் கோழித் தீவன வாடகையிலும் ஏறி நம்ம தலையில்தான் இறங்கும்.

யாருக்கு லாபம்?

“பழைய வண்டி புகை விடும், விபத்து நடக்கும், அதனால்தான்” என்கிறார்கள். புகை விட்டால் புகையை அளந்து பார்! அதற்குத்தான் புகைச் சான்றிதழ் இருக்கிறதே. பிரேக் பிடிக்காவிட்டால் எப்.சி. கொடுக்காதே! அதற்குத்தான் பிரேக் இன்ஸ்பெக்டர் இருக்கிறாரே. சோதனையில் தேறிய வண்டிக்கு எதற்கு மூன்று மடங்கு, ஐந்து மடங்கு கட்டணம்? பிரேக்கைச் சோதிக்கும் மெசினுக்குப் பழைய வண்டி வந்தால் கூடக் கரண்ட் செலவாகிறதா? தேறாத வண்டியை நிறுத்துவது பாதுகாப்பு. தேறிய வண்டிக்காரனிடம் வயசைச் சொல்லிப் பணம் பிடுங்குவது பாதுகாப்பு அல்ல. அவனாகவே வண்டியைக் காயலாங்கடைக்குத் தள்ளிவிடட்டும் என்கிற தந்திரம்.

இது நம்ம கற்பனை இல்லை. 2021 பட்ஜெட்டில் பழைய வாகனங்களை உடைக்கும் கொள்கையை அறிவித்தார்கள். அதே வருசம் ஆகஸ்ட் 13-ல் பிரதமர் அதைத் தொடங்கி வைத்தார். இதனால் நாலரை லட்சம் கோடியாக இருக்கும் வாகனத் தொழிலின் வியாபாரம் 10 லட்சம் கோடியாகப் பெருகும் என்று துறை அமைச்சர் நிதின் கட்கரியே சொன்னார். வண்டியை உடைக்கக் கொடுப்பவருக்கு என்ன கிடைக்கும்? புது வண்டி விலையில் 4 முதல் 6 சதவீதம் உடைசல் மதிப்பு. புது வண்டி வாங்கினால் வரியில் ஒரு சலுகை. எட்டு லட்ச ரூபாய் டிராக்டருக்கு 4 சதவீதம் என்றால் 32,000 ரூபாய். மிச்சம் கிட்டத்தட்ட ஏழே முக்கால் லட்சத்துக்கு எங்கே போவது? பாங்கியில் நிலப் பத்திரத்தை வைப்பதா, பைனான்ஸ்காரரிடம் கையெழுத்துப் போடுவதா?

2025 செப்டம்பரில் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி.யை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அது புது டிராக்டர் வாங்க முடிந்தவருக்கு. இரண்டு ஏக்கர்க்காரன் புது டிராக்டரா வாங்குகிறான்? செகண்ட் ஹேண்ட் வண்டியை மேஸ்திரியை வைத்து இஞ்சின் பிரித்துக் கட்டி ஓட்டுகிறான். அவனுக்கு அதுதான் சொத்து.

டிராக்டர் மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண்!

உழவு டிராக்டர் போக்குவரத்து வாகனம் அல்ல என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் தெளிவாகவே இருக்கிறது. 2017-ல் அந்த வரியையே எடுத்துவிட ஒரு வரைவு போட்டார்கள். எடுத்திருந்தால் டிராக்டருக்கும் எப்.சி., பெர்மிட் எல்லாம் வந்திருக்கும். வடநாட்டு விவசாயிகள் கொதித்து எழுந்தார்கள். ஹிசார் தொகுதி எம்.பி.யாக இருந்த துஷ்யந்த் சௌதாலா அந்த வருசம் டிசம்பரில் டிராக்டரை ஓட்டிக்கொண்டே பாராளுமன்றத்துக்குப் போனார். வரைவு கைவிடப்பட்டது. டிராக்டரை 10 வருசத்தில் கட்டாயம் உடைக்க வேண்டும் என்று ஒரு பேச்சு கிளம்பியபோது, அப்படி ஒன்றும் இல்லை என்று 2023-ல் மத்திய அரசே மறுப்பு வெளியிட்டது.

ஆனால் கண் எடுத்தபாடில்லை. 2025 ஜூலையில் இன்னொரு வரைவு. சரக்கு இழுக்கும் டிராக்டர்களுக்கு இருப்பிடம் காட்டும் கருவி வைக்க வேண்டுமாம். “உழவு டிராக்டருக்கு இல்லை, சரக்கு டிராக்டருக்குத்தான்” என்கிறார்கள். சரி ஐயா. காலையில் ஏர் ஓட்டிவிட்டு மத்தியானம் சொந்தக் கரும்பை ஏற்றிப் போகிற டிராக்டர் எந்தக் கணக்கு? ரோட்டில் நிறுத்துகிற அதிகாரி சொல்வதுதான் கணக்கா?

இந்த வரைவுகள் வந்தால் ஆட்சேபணை சொல்ல 30 நாள் அவகாசம் கொடுக்கிறார்கள். அரசிதழில் இந்தியிலும் இங்கிலீசிலும் போடுகிறார்கள். எடப்பாடியிலும் வாழப்பாடியிலும் இருக்கிற விவசாயி அதை எப்போது பார்த்து, எப்போது படித்து, எப்போது ஆட்சேபிப்பது? நமக்குத் தெரியும்போது அது சட்டமாகி, செக்போஸ்ட்டில் நிற்கும்!

சோதனை நிலையம் எங்கே?

எப்.சி. சோதனையை மனிதர் பார்க்காமல் மெசின் பார்க்கும் தானியங்கி நிலையங்களுக்கு மாற்ற 2021 செப்டம்பரில் விதி வந்தது. கனரக வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் கட்டாயம் என்றார்கள். நிலையங்கள் இல்லாததால் 2024 அக்டோபருக்குத் தள்ளிப் போட்டார்கள். மெசின் பார்ப்பதில் நமக்கு வருத்தமில்லை. மெசின் லஞ்சம் கேட்காது, நல்லதுதான். ஆனால் இந்த நிலையங்களைத் தனியாரும் நடத்தலாம் என்பது விதி. லாபத்துக்கு நடத்துகிறவர் வண்டி அதிகம் இருக்கிற நெடுஞ்சாலை ஓரத்தில்தான் கடை போடுவார். கொல்லிமலை அடிவாரத்துக்கும் கெங்கவல்லிக்கும் வருவாரா? ஒரு சோதனைக்காக ஒரு நாள் வேலை, 60 கிலோமீட்டர் டீசல், போன இடத்தில் லைட் ஒன்று எரியவில்லை என்றால் மறுபடியும் ஒரு நாள். இதையும் கட்டணத்தோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நாம் சோதனைக்கு எதிரிகளா?

இல்லவே இல்லை! இதை ஊர் ஊராகச் சொல்ல வேண்டும். நம்ம பக்கத்துத் தப்பையும் மறைக்காமல் பேசுவோம். இருட்டில் பின் விளக்கு இல்லாமல் கரும்பு டிரெய்லர் போகிறது. ரோட்டோரம் பஞ்சர் ஆகி நிற்கும் டிரெய்லரில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்கூட இல்லை. பின்னால் பைக்கில் வந்து மோதிச் சாகிறவன் யார்? மில்லு வேலை முடிந்து வருகிற நம்ம ஊர்ப் பையன்தான். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் டிரெய்லரில் ஆள் ஏற்றிப் போகிறோம். லைசென்ஸ் இல்லாத பொடியனிடம் ஸ்டீயரிங்கைக் கொடுக்கிறோம். இது எல்லாம் தப்பு. இதை விட்டாக வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. கட்டணத்துக்குப் பயந்து ஆர்.சி.யை, எப்.சி.யைப் புதுப்பிக்காமல் ஓட்டினால், விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை வண்டிக்காரனிடம் வசூல் செய்துகொள் என்று கோர்ட்டும் சொல்வது உண்டு. அப்போது போவது வண்டி இல்லை, நிலம்! ஆகவே கட்டணத்தை எதிர்ப்போம், ஆனால் புதுப்பிக்காமல் விடாதீர்கள் என்று சங்கத்தின் சார்பில் கேட்டுக்கொள்கிறோம்.

இங்கேதான் அரசின் தப்பு இன்னும் பெரிதாகிறது. கட்டணம் ஏறினால் ஏழை வண்டியை மாற்ற மாட்டான். சோதனைக்கே வராமல் ஒளிந்து ஓட்டுவான். சோதனைக்கு வராத வண்டிதான் ஆபத்தான வண்டி. பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டு பாதுகாப்பைக் கெடுக்கிற வேலை இது.

வெளிநாட்டைக் காட்டித்தானே விதி போடுகிறார்கள்? இங்கிலாந்தைப் பார்ப்போம். அங்கே காருக்கு வருசா வருசம் சோதனை உண்டு. ஆனால் வயசைப் பார்த்துக் கட்டணம் ஏறுவதில்லை. பெரிய மாற்றம் செய்யாத 40 வருசக் காருக்கு 2018 முதல் அந்தச் சோதனையே கட்டாயமில்லை. தோட்ட வேலைக்கு ஓடும் டிராக்டருக்கு ஆண்டுச் சோதனை கிடையாது. 40 கிலோமீட்டருக்கு மேல் வேகம் போய், ரோட்டில் வாடகைச் சரக்கு இழுக்கிற டிராக்டருக்குத்தான் சோதனை. அதாவது அங்கே வேலையைப் பார்க்கிறார்கள், வயசைப் பார்க்கவில்லை. நாம் கேட்பதும் அதுதான்.

எங்கள் கோரிக்கைகள்

1. வயசை வைத்து ஏற்றிய ஆர்.சி., எப்.சி. கட்டணங்களை மத்திய அரசு திரும்பப் பெற வேண்டும். சோதனைக்கு ஆகும் செலவு எவ்வளவோ அதை மட்டும் எல்லா வண்டிக்கும் ஒரே கட்டணமாக வாங்க வேண்டும்.

2. உழவு டிராக்டருக்கும் அதன் டிரெய்லருக்கும் கட்டண அட்டவணையில் தனி வரி எழுதிப் பெயரளவு கட்டணம் வைக்க வேண்டும். உழவு டிராக்டர் போக்குவரத்து வாகனம் அல்ல என்ற வரியில் கை வைக்கக் கூடாது. சொந்த விளைச்சலை ஏற்றுவது உழவு வேலையே என்று தெளிவாக எழுத வேண்டும்.

3. சொந்த விளைபொருளை ஏற்றும் சிறு, குறு விவசாயிகளின் சிறு சரக்கு வண்டிகளுக்கு, வி.ஏ.ஓ. சான்றின் பேரில் எப்.சி. கட்டணத்தில் விலக்கு வேண்டும்.

4. நாளுக்கு 50 ரூபாய், மாதத்துக்கு 300, 500 என்கிற தாமதத் தண்டத்தை ரத்து செய்ய வேண்டும். காலாவதி ஆகும் முன் தமிழில் தகவல் அனுப்ப வேண்டும்.

5. தமிழக அரசு ஒவ்வொரு தாலுகாவிலும் அரசு சோதனை நிலையம் அமைக்க வேண்டும். அதுவரை அறுவடைக்கு முன்னால் ஒன்றியம் தோறும் முகாம் நடத்த வேண்டும். முகாமிலேயே ஒளிரும் ஸ்டிக்கரும் பின் விளக்கும் இலவசமாகப் பொருத்தித் தர வேண்டும்.

6. மோட்டார் வாகன விதி வரைவுகளைத் தமிழில் வெளியிட்டு, ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

ஒவ்வொருவரும் ஆர்.சி. நகல் ஒன்று எடுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் வண்டி எந்த வருசம் வாங்கியது, வருசத்தில் எத்தனை நாள் ஓடுகிறது, எதை ஏற்றுகிறது, எவ்வளவு கட்டணம் கேட்டார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். டி.என். 28, 34, 52, 77 என்று எந்த நம்பராக இருந்தாலும் சரி. மாதந்தோறும் கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அத்தனை தாளையும் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய் வைப்போம். வாயால் சொன்னால் குறித்துக்கொள்வார்கள், தாளாகக் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும். அடுத்து வருகிற கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். அதே கூட்டத்தில், இருட்டில் ஸ்டிக்கர் இல்லாத டிரெய்லர் நம்ம ஊரிலிருந்து கிளம்பாது என்றும் ஒரு தீர்மானம் போடுங்கள். அப்போதுதான் நம்ம பேச்சுக்குப் பலம்.

“நாம் கத்தினால் டெல்லிக்குக் கேட்குமா?” என்று சலித்துக்கொள்ளாதீர்கள். 1972-ல் மின் கட்டணத்தை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் நம்ம கொங்குச் சீமையின் மாட்டு வண்டிகள் கோயம்புத்தூர் நகரத்தையே நிறுத்தின. அந்தப் போராட்டத்தில் நம்ம சேலம் மாவட்டத்துப் பெத்தநாயக்கன்பாளையத்தில் துப்பாக்கிக் குண்டுக்கு உழவர்கள் பலியானார்கள். அவர்களை நினைத்துத்தான் ஜூலை 5-ஐ உழவர் தினமாக அனுசரிக்கிறோம். 2021 குடியரசு தினத்தில் டெல்லியில் ஓடிய டிராக்டர்களை உலகமே பார்த்தது. அந்த வருசம் நவம்பரில் மூன்று வேளாண் சட்டங்களும் திரும்பப் பெறப்பட்டன. அன்று மாட்டு வண்டி பேசியது. பிறகு டிராக்டர் பேசியது. அந்த டிராக்டரைத்தான் இப்போது வயசாச்சு, காயலாங்கடைக்குப் போ என்கிறார்கள்!

உழைக்கிற வண்டிக்கு வயசில்லை! உழவன் கேட்பது சலுகை இல்லை, நியாயம்!

வண்டியைச் சோதித்துப் பார்! வயசுக்குத் தண்டம் போடாதே!

சிந்திப்பீர்! ஒன்றுபடுவீர்! ஆர்.சி. நகலோடு திரண்டு வாரீர்!